மலையிலிருந்து விமானம் வரை: நாய், பூனையுடன் வெளிநாடு போகிறவர்களுக்கு

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி டிக்கெட்டுங்க. எங்க நாய்க்கு என்னென்ன ஊசி போடணும்?"

கோத்தகிரியிலிருந்து ஒரு நாட்டு நாயையும் ஒரு பூனையையும் ஜெர்மனிக்குக் கூட்டிவந்த பிறகு, ஊரிலிருந்து இப்படி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. என் பதில் பெரும்பாலும் கேட்பவருக்குப் பிடிப்பதில்லை. அடுத்த மாதம் நீங்கள் போகலாம், நாய் போக முடியாது. ஐரோப்பா, பிரிட்டன் என்றால் குறைந்தது நான்கு மாதம் வேண்டும். பதறாமல் செய்ய ஆறு மாதம். எவ்வளவு பணம் கொடுத்தாலும், எந்த ஏஜென்டைப் பிடித்தாலும் இந்த நாட்கணக்கு சுருங்காது. அதனால் வேலைக்கான கடிதம் வந்த அன்றே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, நாயின் வேலையைத் தொடங்கிவிடுங்கள். விசா வராமல் போனாலும் நட்டமில்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பும் ரேபிஸ் ஊசியும் வீண்போகாது.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள்

எல்லா நாடுகளும் முதலில் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ரேபிஸ். அறிகுறி வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் அது. இந்தியா அந்த நோய் உள்ள நாடு. ஆகவே நம் ஊர் நாய் எவ்வளவு செல்லமாக வளர்ந்திருந்தாலும் அவர்கள் பட்டியலில் ஆபத்தான இடத்திலிருந்து வருகிற நாய்தான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

கனடா ஒப்பீட்டில் எளிது. சொந்த வளர்ப்பு நாய், குட்டிப்பருவம் தாண்டியது என்றால் முறையான ரேபிஸ் தடுப்பூசிச் சான்றே முக்கியம். அமெரிக்காவுக்குப் பூனை என்றால் மத்திய அரசின் ரேபிஸ் விதி எதுவும் கிடையாது. போய்ச் சேரும் மாநிலத்தின் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் என்றால் கதையே வேறு. 2024 ஆகஸ்ட் முதல் அங்கே விதிகள் கடுமையாகிவிட்டன. நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், சிப் வேண்டும், இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட இன்னொரு படிவம் வேண்டும். அவர்கள் அங்கீகரித்த பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க முடியும். அந்த மையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் 28 நாள் அங்கேயே தனிமை, செலவு நம்முடையது.

ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் கிட்டத்தட்ட ஒரே வழி. அதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன். சிங்கப்பூருக்கு ரத்தப் பரிசோதனையோடு தனிமைக்கூட இடத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். அங்கே அரசு அடுக்குமாடியில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், பெரிய நாய்க்கு அனுமதியே இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூனைக்கு 2024 செப்டம்பரிலிருந்துதான் அனுமதி. ஜப்பானில் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாய், பூனை எடுப்பதே இல்லை. அவர்கள் ஏற்ற இன்னொரு நாட்டில் தங்கவைத்து, அங்கிருந்துதான் கொண்டுபோக முடியும். அந்தச் செலவையும் அலைச்சலையும் நாய் தாங்குமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வளைகுடா பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. கோத்தகிரி குளிரில் வளர்ந்த சடைநாயை துபாய் அடுக்குமாடிக்குக் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ராட்வைலர் போன்ற சில இனங்களுக்கு அங்கே தடையும் உண்டு. ஊரில் பார்த்துக்கொள்ள அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் அது நாய்க்குக் கிடைத்த பாக்கியம். பதினான்கு வயதுக் கிழ நாய்க்கும் இதே பதில்தான்.

சிப் முதலில், ஊசி அப்புறம்

இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் கொஞ்சம் தடித்த ஊசியால் செலுத்துவார்கள். நாய் ஒரு முறை முனகும், அவ்வளவுதான். அதில் 15 இலக்க எண் இருக்கும். ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் உள்ள சிப்தானா என்று கேட்டு வாங்குங்கள். வேறு வகை என்றால் அந்த நாட்டு ஸ்கேனர் படிக்காது. பலர் இதை ஜிபிஎஸ் என்று நினைக்கிறார்கள். இல்லை. சிறுத்தை தூக்கிக்கொண்டு போனால் எங்கே இருக்கிறது என்றெல்லாம் காட்டாது. ஸ்கேனரைப் பக்கத்தில் வைத்தால் எண்ணைச் சொல்லும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ரேபிஸ் ஊசியை சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோதான் போட வேண்டும். அதற்கு முன் போட்ட ஊசி எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது. காரணம் எளிது: எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அப்போது ஆதாரம் இல்லை. எங்கள் நாய் மணிக்கு ஐந்து வருடமாகத் தவறாமல் ஊசி போட்டிருந்தோம். சிப் வாங்கப் போன கிளினிக்கில், "ஊசி டியூ ஆயிருச்சுங்களே, போட்டுரலாம். சிப் ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இரண்டும் ஒன்றில்லை என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. சிப்புக்குப் பிறகு மறுபடி ஊசி போட்டு, நாட்கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

ஊசி போடும் முன் ஸ்கேனரை வைத்து எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் சிப் எண், சிப் போட்ட தேதி, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், போட்ட தேதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெளியே வந்து பார்த்தால் திரும்பப் போக வெட்கமாக இருக்கும். தெருமுனை முகாமில் சீட்டு மட்டும் கொடுத்துப் போடும் இலவச ஊசி நாய்க்கு நல்லதுதான், பயணத்துக்கு உதவாது. குட்டி என்றால் ஐரோப்பாவுக்கு 12 வாரம் நிரம்பிய பிறகு போட்ட ஊசிதான் செல்லும்.

ரத்தப் பரிசோதனை

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி உடம்பில் போதுமான அளவு உண்டா என்று பார்க்கும் சோதனை இது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. நீங்கள் போகும் நாடு அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். ஊரில் மலிவாக முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஆய்வகத்தின் பெயர் அந்த நாட்டு அரசு வெளியிட்டிருக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெரும்பாலும் சீரம் என்கிற தெளிந்த நீர்ப்பகுதியை மட்டும் ரத்தத்திலிருந்து பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு கூரியர் போகும்.

நம் மலைக்கு இந்த நோயோடு பழைய தொடர்பு உண்டு. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்து கசௌலிவரை ரயிலில் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலைத் தீர்க்கத்தான் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. அன்று கடிபட்ட மனிதர் ஊர்விட்டு ஊர் போனார், இன்று கடிக்காத நாயின் ரத்தம் கடல்கடந்து போகிறது.

ஐரோப்பா, பிரிட்டனுக்கு, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முழுதாகக் கழிய வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். இல்லை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. அமெரிக்காவுக்கு நாய் என்றால் 28 நாள் போதும்.

இன்னொன்று. சோதனையில் தேறிய பிறகு அடுத்த ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். தவணை தவறினால் பழைய சோதனை செல்லாது. மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். தவறாமல் போட்டுவந்தால் ஐரோப்பாவுக்கு அந்த ஒரு சோதனையே நாயின் ஆயுளுக்கும் போதும்.

மழையைப் பார்த்து நாள் குறியுங்கள்

சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். கூடலூர் பக்கம் ஆடி மழையில். எங்கள் பூனை செல்லிக்கு முதலில் ரத்தம் எடுத்தது ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று இரவே மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது ஐஸ் எல்லாம் தண்ணீர். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பூனை இன்றுவரை வெள்ளை கோட்டு போட்டவர்களை மன்னிக்கவில்லை.

அதனால் என் யோசனை இது. ரத்தத்தை மலையில் எடுக்காதீர்கள். நாயோடு கோயம்புத்தூர் போய், திங்கள் அல்லது செவ்வாயன்று எடுத்து, அன்றே கூரியரில் ஏற்றுங்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும் என்று வையுங்கள். செப்டம்பர் 4-க்குப் பிறகு ரத்தம். செப்டம்பர் 6-இல் எடுத்தால் டிசம்பர் 6-க்குப் பிறகு பயணம். பெருமழைக்கு முன் ரத்தம் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் சென்னையும் பெங்களூரும் நம் நாய் தாங்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் கிளம்பத் திட்டமிட்டால், ஊட்டியின் 20 டிகிரியிலிருந்து சென்னையின் 38 டிகிரிக்கு ஒரே நாளில் இறக்குகிறீர்கள் என்று அர்த்தம். வெயில் அதிகமான நாளில் பல விமான நிறுவனங்கள் விலங்குகளை ஏற்றவும் மறுக்கும். பக், புல்டாக், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் எந்த மாதத்திலும் சரக்கறையில் ஏற்றுவதில்லை. மூச்சுத் திணறல்தான் காரணம்.

கூண்டு

அளவு எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நாய் நிமிர்ந்து நின்றால் காது நுனி கூரையில் படக்கூடாது. திரும்ப முடிய வேண்டும். கால் நீட்டிப் படுக்க முடிய வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு அளவு, தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டுவரை ஒரு அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நின்ற உயரத்தோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் உயரம். எல்லாம் உள்ளளவு. நான்கு பக்கமும் காற்றுத் துளைகள், இரும்புத் தாழ்ப்பாள், திறக்காமலே வெளியிலிருந்து நீர் ஊற்றும்படி கிண்ணம். இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முடுக்கும் வகைதான் வாங்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கிளிப் போட்டதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரக்குக் கட்டணம் நாயின் எடைக்கு அல்ல, கூண்டு அடைக்கும் இடத்துக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வரும் கிலோதான் கணக்கு. மணியின் கூண்டு 102, 69, 76. வகுத்தால் 89 கிலோ. மணியின் எடை 26. பில்லைப் பார்த்த என் மாமனார், "இந்தக் காசுக்கு நானே வந்திருப்பேனே" என்றார். நியாயம்தான்.

கூண்டு வந்த அன்றே நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். இரண்டு மாதம் அது வீட்டு நடுவே திறந்தபடி கிடக்கட்டும். சோறு அதற்குள்தான். முதலில் வாசலில், அப்புறம் நடுவில், அப்புறம் கடைசி மூலையில். மூன்றாவது வாரம் மணி தானாகவே போய்த் தூங்க ஆரம்பித்தான். மழை நாளில் அவனை வெளியே இழுப்பதுதான் பாடாகிவிட்டது. நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய சட்டை ஒன்றைப் பயண நாளில் உள்ளே போடுங்கள்.

தூக்க மருந்து கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. வானத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் தாறுமாறானால் பார்க்க ஆள் இல்லை. மயக்கத்தில் இருக்கும் விலங்கை விமான நிறுவனங்களும் ஏற்காது. விலங்குகள் போகும் சரக்கறையில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே பராமரிக்கப்படும். நாய் பெரும்பாலும் தூங்கிவிடும். உண்மையில் விமானத்தைவிட மலைப்பாதைதான் நம் நாய்களுக்குச் சோதனை.

கீழே இறங்குவது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி பழகாத நாய் மூன்றாவதிலேயே எச்சில் ஒழுகத் தொடங்கும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. கடைசி இரண்டு மாதத்தில் நான்கைந்து முறையாவது கூண்டோடு மேட்டுப்பாளையம்வரை போய்த் திரும்புங்கள். பயணத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரவில் இறங்குவது குளுமை என்றாலும் கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நாய் வண்டியில் குரைத்துக்கொண்டிருக்க, எதிரே யானை நிற்பது நீங்கள் விரும்பும் காட்சியல்ல. விடிந்ததும் கிளம்புவதே நல்லது.

பெங்களூர் வழியாகப் பறப்பவர்கள் முதுமலை, பந்திப்பூர் பாதையில் போவீர்கள். அங்கே இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும் என்பதை விமான நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். காட்டுக்குள் எக்காரணம் கொண்டும் நாயை இறக்கக் கூடாது. சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் உண்டு. ஆனால் முதல் வகுப்பு ஏசியில் கூபே என்கிற தனி அறை முழுதாகக் கிடைத்தால்தான் நாய் உங்களோடு வரும். சார்ட் தயாராகும்வரை அது உறுதியில்லை. நான் கார்தான் வைத்தேன். சென்னையிலிருந்து ஏஜென்டின் வண்டி மேலே வந்து ஏற்றிக்கொள்வதானால், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள். டிஎன் 43 என்று நீலகிரியில் பதிவான நம் வண்டிக்குத் தேவையில்லை.

பறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கீழே போய்விடுங்கள். நாய் கொஞ்சம் ஆறும், உங்களுக்குக் காகித வேலையும் இருக்கிறது.

காகிதம்

இந்தியாவிலிருந்து வெளியேற மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு, சான்றளிப்பு நிலையத்தின் சான்று வேண்டும். வாய்ப்பேச்சில் குவாரண்டைன் ஆபீஸ் என்றால் போதும். சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது, பெங்களூரிலும் உண்டு. முன்பதிவு செய்து, நாயை நேரில் கொண்டுபோக வேண்டும். தடுப்பூசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனை முடிவு, உங்கள் மருத்துவர் அண்மையில் கொடுத்த உடல்நலச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் நகல்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல். சிப்பை அங்கே மறுபடி படிப்பார்கள். அதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். சிப் சில நேரம் தோளிலிருந்து காலுக்கு நகர்ந்திருக்கும்.

ஐரோப்பாவுக்கான சுகாதாரச் சான்று தனிப் படிவம். ஆங்கிலத்திலும், நீங்கள் முதலில் இறங்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். அரசு கால்நடை அதிகாரி ஒப்பமிட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் சிக்கல். சிப் எண்ணின் 15 இலக்கத்தையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துச் சரிபாருங்கள். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே என்றால் நாய்க்கு நாடாப்புழு மருந்தும் வேண்டும். போய்ச் சேருவதற்கு முன் 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவரே கொடுத்து, நேரத்தோடு எழுதித் தர வேண்டும். நம் மலை நாய்களுக்கு உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் பயணத்தில் முற்றிவிடும். எந்த நாடானாலும் ஒரு மாதம் முன்பே ரத்தம் பார்த்து, உண்ணி மருந்தும் போட்டுவிடுங்கள்.

பூனைக்கு இன்னும் எளிய வழி உண்டு. சில ஐரோப்பிய நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோவரை உள்ள விலங்கைப் பயணியின் காலடியில் வைக்க விடுகின்றன. ஒரு விமானத்தில் சில இடங்கள்தான். டிக்கெட் போட்ட அன்றே தொலைபேசியில் பேசி அதையும் பதிவு செய்யுங்கள். பிரிட்டனுக்கு இந்த வழி கிடையாது. எந்த விலங்கும் அங்கே சரக்காகத்தான் இறங்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் பையை எக்ஸ்ரேயில் விடுவார்கள், பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கழுத்துப் பட்டை போதாது. உடம்போடு சேர்த்துக் கட்டும் வார் கட்டாயம். செல்லி அந்த நேரத்தில் என் தோளில் ஏறி நின்று பார்த்த பார்வையில் முழு வரிசையும் ஒதுங்கி வழிவிட்டது.

மணியை சரக்கு முனையத்தில் ஒப்படைத்தோம். பயணிகள் வாசல் வேறு, அது வேறு. பல மணி நேரம் முன்பே போக வேண்டும். கூண்டின் மேல் நாயின் பெயர், உங்கள் எண், இறங்கும் ஊரில் இருப்பவரின் எண் எழுதி ஒட்டுங்கள். கடைசி நடையை அவசரப்படுத்தாதீர்கள். சிறுநீர் கழிக்காமல் நாயை ஏற்றினால் அடுத்த பதினைந்து மணி நேரம் அது அடக்கிக்கொண்டே கிடக்கும். அப்புறம் அழாமல் திரும்புங்கள். நாம் அழுதால் அதுவும் ஊளையிடும், எனக்கு நடந்தது.

இறங்கியதும்

அங்கே கால்நடை அதிகாரி சிப்பைப் படித்து, காகிதத்தோடு ஒப்பிட்டு விடுவிப்பார். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. முதல் இரண்டு நாள் பழைய தீனியையே கொடுங்கள். ஊரிலிருந்து ஒரு கிலோ எடுத்துவைத்திருந்தது உதவியது. ஜெர்மனி என்றால் குடிவந்த ஊரின் நகராட்சியில் நாயைப் பதிந்து ஆண்டுதோறும் நாய் வரி கட்ட வேண்டும். பூனைக்கு வரி இல்லை. உள்ளூர் மருத்துவரிடம் போய் ஐரோப்பிய வளர்ப்பு விலங்கு பாஸ்போர்ட்டும் வாங்கிவிடுங்கள். நீல நிறச் சின்னப் புத்தகம், உள்ளே சிப் எண்ணும் ஊசித் தேதிகளும் ஏறும். அடுத்த ரேபிஸ் ஊசியின் தேதியை அதில் பார்த்து, அன்றே காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள்.